என்ன ஏற்றிய வண்டி

மாடு பிடிப்பதைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் ஏதாவது தெரியும். சுழி பார்ப்பது, பல் பிடித்துப் பார்ப்பது, துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசுவது. இவை கதைகளிலும் வந்துவிட்டன. வந்ததனாலேயே கொஞ்சம் அலுத்தும் போய்விட்டன. மாடு போன இடத்தில் வந்து நிற்கிற டீசல் லோடு வண்டியைப் பற்றி, அதுவும் இரண்டாம் கை மூன்றாம் கை வண்டியைப் பற்றி, யாரும் எழுதி நான் படித்ததில்லை. டெல்டாவை எழுதியவர்கள் ஆற்றங்கரை, திண்ணை, வெற்றிலைச் செல்லம், கச்சேரி என்று ஒரு வட்டத்தைச் சுற்றி வந்தார்கள். அந்த வட்டத்துக்குள் அற்புதங்கள் நிகழ்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விளைந்த நெல் களத்தை விட்டு எப்படி வெளியே போயிற்று, யார் கொண்டுபோனார்கள், அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் வட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டன.

என் அக்கா மகன் 2024ஆம் வருஷக் கடைசியில் ஒரு பழைய பிக்கப் வாங்கினான். நானும் கூடப் போனேன். எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நரைத்த தலை ஒன்று நின்றால் விற்கிறவன் கொஞ்சம் யோசித்துப் பேசுவான் என்பது அவன் கணக்கு. ஆறு வாரம் அலைந்தோம். அந்த அலைச்சலில் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

அக்காவுக்குக் கோட்டூர்ப் பக்கம் 5 மா நன்செய். 3 மா ஓர் ஏக்கர் என்ற கணக்கில் ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கடைமடை நிலம். 2023இல் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தது; மேலேயிருந்து வரவேண்டியது வராமல் அக்டோபர் மாதமே மூடினார்கள். குறுவை பல இடங்களில் கண்ணெதிரே காய்ந்தது. அடுத்த வருஷம் திறப்பே ஜூலை 28. குறுவையைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 3 மாவைப் போக்கியத்துக்கு விட்டு, போதாததற்கு அக்காவின் நகையை வைத்து, வண்டி வாங்கிவிடுவது என்று அவன் முடிவு செய்தான். மீதி 2 மா சாப்பாட்டு நெல்லுக்கு.

அக்காவின் ஆட்சேபம் ஒரே வாக்கியம்தான். "நெலம் தேயாதுடா. வண்டி ஓடினாலும் தேயும், நின்னாலும் தேயும்."

"தண்ணி வரலேன்னா நெலமும் தேயத்தாம்மா செய்யுது" என்றான் அவன். "நம்ம வயல்ல வெளைஞ்சாலும் வெளையாட்டாலும் எங்கயாச்சும் ஒருத்தன் வயல்ல வெளையும்ல? அவன் நெல்லை ஏத்தலாம்ல?"

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது. அணை திறக்காத வருஷத்தில் எல்லோர் களமும் காலிதான். வண்டிக்கும் சுமை இருக்காது. அக்கா அதைச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, நானும் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியாது என்று நினைக்க எனக்கு நியாயமில்லை. போர்செட் வைத்தவர்கள் கொஞ்சம் விளைவிப்பார்கள், வைக்கோல் இருக்கும், பேராவூரணித் தேங்காய் இருக்கும், கல்யாணச் சாமான் இருக்கும். சுமை என்பது நெல் மட்டுமல்ல என்று அவன் எண்ணியிருக்கலாம்.

வண்டிகளின் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சிறுவயதில் லாரிக்குச் சின்னதாக எது ஓடினாலும் டெம்போ. டெம்போ என்பது ஹாம்பர்க்கில் இருந்த ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். அதோடு சேர்ந்து பஜாஜ் டெம்போ 1958இல் ஏற்பட்டது. ஜெர்மன் கம்பெனி மறைந்தது, புனே கம்பெனியும் 2005இல் பெயரை மாற்றிக்கொண்டது, டெம்போ மட்டும் தமிழ்ச் சொல்லாகத் தங்கிவிட்டது. 1986இல் டாட்டாவின் 407 வந்தது. அதற்குப் பெயரே கிடையாது, எண்தான். கிராமத்தில் நானூத்தியேழு என்று மனிதரைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். 2005இல் வந்த டாட்டா ஏஸுக்கு விளம்பரக்காரர்கள் வைத்த பிம்பம் சின்ன யானை. ஜனங்கள் அதைக் குட்டி யானை ஆக்கினார்கள். 702 சி.சி., இரண்டே சிலிண்டர், முக்கால் டன் சுமை. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த், ஒன்றேகால் டன். இவற்றுக்கு நடுவே மகிந்திராவின் பொலிரோ பிக்கப், 2523 சி.சி. இங்கே பிக்கப் என்று மொட்டையாகச் சொன்னால் இதுதான். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம் என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இந்த ரக வண்டிகளில் பலவற்றின் எடை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது தற்செயல் அல்ல.

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் என்று ஒரு ஜாதி உண்டு. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 மாதிரி. டீசல் இன்ஜின் 6.7 லிட்டர், நம் பிக்கப்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலே. அங்கே தச்சனும் விவசாயியும் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஏற்றாத வக்கீலும் வைத்திருக்கிறான். அங்கே அது ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். இங்கே மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. கூலிக்கு ஓடும் வண்டி என்று சட்டமே அதன் நெற்றியில் எழுதிவிடுகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. அங்கே பழைய டீசல் பிக்கப் வாங்குகிறவன் அது எத்தனை மைல் ஓடியது என்பதோடு, எதை இழுத்தது என்றும் கேட்பான். படகா, குதிரைகளா, ஜல்லி நிறைந்த டிரெய்லரா என்று. எங்களோடு வந்த மெக்கானிக்குக்கு அமெரிக்காவைப் பற்றி அக்கறையில்லை. முதல் நாளே அவர் கேட்ட கேள்வியும் அதுவாகத்தான் இருந்தது.

அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர். நடவுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினில் ஆரம்பித்து டிராக்டர், லாரி என்று வந்தவர். மீட்டர் 84,000 காட்டுகிறது என்று மருமகன் உற்சாகமாகச் சொன்னபோது, "மீட்டரை விடுங்க தம்பி. அது யார் சொன்னாலும் கேக்கும். என்ன ஏத்துன வண்டின்னு விசாரிங்க" என்றார்.

இந்தப் பிரதேசத்தில் இப்படி வண்டிகள் பிரதானமாக மூன்று சுமைகளில் உழைத்திருக்கும் என்பது பாயின் பாகுபாடு. மணல், மீன், நெல். வாழைத்தார், செங்கல் எல்லாம் உதிரி. வண்டியின் வயது, எத்தனை கை மாறியது, எந்த வருஷ மாடல் என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள்.

முதலில் பார்த்தது கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில். புதிதாக வெள்ளை அடித்து, கண்ணாடிக்கு மேலே பளபளவென்று முருகன். காகிதம் சுத்தம். கைபேசியில் எண்ணைத் தட்டினாலே எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் உண்டா என்பது வந்துவிடுகிறது. எல்லாம் சரியாக இருந்தது. பாய் பானெட்டைத் திறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சக்கரத்துக்கு அடியில் படுத்தார். பட்டைகளை எண்ணினார். கம்பெனி போட்டதற்கு மேல் இரண்டு பட்டை சேர்த்திருந்தது. சேஸில் பட்டை தொங்குகிற இடத்தில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பூசியிருந்தார்கள். லோடு பாடியின் தரைத் தகடு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவில் தொட்டில்போல் இறங்கியிருந்தது. அவர் நகத்தால் ஒரு மடிப்பைச் சுரண்டி உள்ளங்கையில் காட்டினார். ஆற்று மணல்.

மணலின் கணக்கு எளிது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. ஈர மணல் இன்னும் கூட. ஒன்றேகால் டன் வண்டியில் அரை யூனிட் ஏற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதையும் பாதையில்லாத ஆற்றுக்குள்ளிருந்து, விளக்கில்லாமல், முதல் கியரில் கரையேற்ற வேண்டும். கிளட்ச், கியர், ஆக்சில் எல்லாம் ஒரு வருஷத்தில் பத்து வருஷ வயதை எட்டிவிடும். வண்டிக்குள்ள சேதத்தைவிடப் பெரியது வழக்கு. 1957ஆம் வருஷக் கனிமச் சட்டத்தில் மணல் கடத்தின வண்டியைப் பிடிக்கலாம், கோர்ட்டு பறிமுதலும் செய்யலாம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிற வண்டிகளில் பாதி இப்படி வந்தவை. கைபேசியில் தெரிகிற பதிவுகள் இதையெல்லாம் உடனே சொல்லிவிடும் என்று நம்ப முடியாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியதில், ஒன்பது மதகுகள் ஓரிரவில் சரிந்தன. மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை இறங்கியதுதான் காரணமென்று அப்போது பலர் பேசினார்கள், அரசாங்கம் மறுத்தது. எனக்கு அந்தத் தொட்டில் தகட்டைப் பார்த்தபோது மதகுகளின் ஞாபகம் வந்தது. பாயிடம் சொன்னேன். அவர், "மதகுக்குக் கூடப் பட்டை ஏத்த முடியாதுல்ல" என்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

அந்த வண்டிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணல் அடித்ததா என்று கேட்டதற்கு, "அடிக்காத வண்டி இந்தக் கரையில எது சார்" என்றார். பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கும்வரை சொல்லவுமில்லை. இந்த வியாபாரத்தின் ஒழுக்கமே இதுதான் என்று போகப்போகத் தெரிந்தது. கேட்டால் பெரும்பாலும் பதில் உண்டு. என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சேதுபாவாசத்திரம் தாண்டி. 2019 மாடல், இன்ஜின் அருமை. காலையில் போய் முதலில் சைலென்சரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்தது. புகை இல்லை. கறுப்புப் புகையானால் டீசல் கூடுதல், இன்ஜெக்டரைக் கவனித்தால் போகும். நீலமானால் எண்ணெய் எரிகிறது, செலவு பெரிது. வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஓடுகிற இன்ஜினில் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்று குப்குப்பென்று தள்ளினால் உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது, மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இதில் அதுவும் இல்லை. மருமகன் முகம் மலர்ந்துவிட்டது.

ஆனால் வண்டி கடலோரம் உழைத்தது. மல்லிப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் மீன் ஏற்றியிருக்கிறது. மீனோடு ஐஸ், ஐஸோடு உப்பு. உருகிய தண்ணீர் தரைப்பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேஸில் இறங்கும், ஒரு நாளும் காயாது. மணல் வண்டி வளையும்; மீன் வண்டி உள்ளிருந்து கரையும். வெளித்தகட்டுக்கு டிங்கரிங் செய்து பட்டி பூசிவிடலாம். காந்தம் கொண்டுவந்திருந்தார் பாய், வாத்தியாரின் சாக்பீஸ் டப்பாவிலிருந்து எடுத்ததுபோல ஒரு சின்ன லாடக் காந்தம். கதவின் கீழ்ப்பகுதியில் அது ஒட்டாமல் விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டிதான். பிரேக் குழாய் முழுவதும் பொருக்கு. மின்சார இணைப்புகளில் பச்சைப் பாசம். இதற்கும் மேலே அந்த வாடை. எத்தனை கழுவினாலும் ஈரக்காற்றில் திரும்பி வரும். அரிசி மூட்டை ஏற்ற எந்த மில்காரனும் கூப்பிடமாட்டான்.

விலை குறைத்துச் சொன்னார்கள். மருமகன் ஊசலாடினான். இன்ஜின்தானே வண்டி என்பது அவன் எண்ணம். "இன்ஜின் போனா இறக்கி வேற மாத்தலாம் தம்பி, சேஸை எங்க போய் மாத்துவீங்க? சேஸ்லதானே நம்பர் அடிச்சிருக்கு" என்றார் பாய். இது எனக்குப் பிடித்தது. ஒரு வண்டியின் அடையாளம் அதை ஓட்டுகிற இன்ஜினில் இல்லை, சுமையைத் தாங்குகிற எலும்பில் குத்தப்பட்டிருக்கிறது. சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது.

இப்படி இன்னும் நாலைந்து. சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்று தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு வந்தது, முற்றத்தில் வரிசையாக நின்றவற்றில் ஒன்று. கழற்றக்கூடிய எல்லாவற்றையும் பழைய சொந்தக்காரர் கழற்றிக்கொண்டுதான் விட்டிருந்தார். இன்னொன்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியது என்று பாய் சீட்டுப் பட்டைக்கு அடியில் விரலைவிட்டு வண்டலை எடுத்துச் சொன்னார். மற்றொன்றில் டயர்கள் புத்தம் புதிது, எஃப்.சி.க்காக வாடகைக்கு மாட்டியவை. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. உண்டு, அதையொட்டி இப்படி ஒரு உபதொழில். பாய் அத்தனையிலும் நிதானம் தப்பவில்லை. வியாபாரத்தில் யார்மீதும் அவருக்குக் குற்றச்சாட்டு கிடையாது. பட்டி பூசுகிறவனும் தன்னைப்போல ஒரு வேலைக்காரன் என்பதுபோலப் பேசினார். அதில் எனக்குச் சம்மதமில்லை. ஓட்டையை அடைப்பதும் ஓட்டையை மறைப்பதும் ஒரே கைத்திறமைதான், ஆனால் ஒரே காரியம் அல்ல.

கடைசியில் திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே ஒரு வண்டி. 2016 மாடல். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம், ஒன்று கண்ணைச் சிமிட்டினாலும் கம்பியூட்டர் வைத்திருக்கிறவரைத் தேடிப் போகவேண்டும். பழையதில் இன்னும் ஸ்பேனர் எட்டும். அதனாலேயே அதற்கு முந்தியவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. பெயிண்ட் மங்கல், ஒரு பக்கக் கதவு நெளிசல், யாரும் திருத்த மெனக்கெடவில்லை. அது ஒரு நல்ல குறி என்றார் பாய். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். நெல்லின் சுணை மாவுபோல உதிர்ந்தது. தார்ப்பாய்க் கயிறு கட்டும் கொக்கிகள் மட்டும் வெள்ளியாகத் தேய்ந்திருந்தன. லோடு பாடியின் முன்மூலையில், பலகை இடுக்கில், நாலைந்து நெல் முளைத்து விரற்கடை உயரம் பச்சை நின்றது. ஐப்பசி மழையில் நனைந்து முளைத்திருக்கும். மருமகன் அதைப் பிடுங்கப் போனான். பாய் வேண்டாமென்று கையைத் தடுத்தார். சகுனம் என்றா, சாட்சி என்றா, நான் கேட்கவில்லை.

மீட்டரில் 61,000. இதையும் நம்பலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன விளக்கம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நெல் வண்டி ஓடுகிற வண்டியல்ல, நிற்கிற வண்டி. களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையம் நாலு மைலோ ஐந்து மைலோதான். அங்கே வரிசை. 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நிலையங்கள் இவை. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் விதிப்படி எடுக்கமாட்டார்கள். மழை பெய்துவிட்டால் டெல்லியிலிருந்து தளர்வு வரவேண்டும், அதற்கு ஒரு குழு வந்து பார்க்கவேண்டும். சாக்கு வரவேண்டும். எடுத்த நெல் நகர்ந்து இடம் காலியாகவேண்டும். அதுவரை வண்டி ஒரு தற்காலிகக் கிடங்கு. டிரைவர் முன்சீட்டில் படுத்திருப்பான். டயர் ஒரே இடத்தில் அழுந்தி வடிவம் கெடும், பேட்டரி இறங்கும், சுமையின் கீழே பட்டைகள் ராப்பகலாக வளைந்தபடி இருக்கும். மீட்டரில் ஒரு எண்கூட நகராது. ஓடாமலே வண்டி கிழமாகும். அக்கா சொன்ன வாக்கியம் எனக்கு இங்கேதான் புரிந்தது. அவள் வண்டியைப் பற்றித் தெரிந்து சொல்லவில்லை, பழமொழிபோலச் சொன்னாள். ஆனால் சரியாக இருந்தது.

இன்னொரு கணக்கு. ஒன்றேகால் டன் என்றால் 40 கிலோ சாக்கில் 31 மூட்டை. 60 மூட்டை ஏற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நெல் மணலைவிட இளகிய சுமை, அதனால் மன்னிக்கப்படுகிற சுமை. குவித்துக் கட்டினால் பார்க்கவும் அழகாயிருக்கிறது. போலீஸும் தைமாசத்து நெல் வண்டியை அவ்வளவு சீக்கிரம் நிறுத்துவதில்லை. மணல் வண்டி செய்கிற அதே குற்றந்தான் இது. சுமைகளுக்குள்ளும் ஜாதி இருக்கிறது.

வண்டி நல்லது, இங்கே காகிதம் கோணல். விற்கிறவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் இல்லை. அவர் நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொருவரிடம் வாங்கி, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். இது வெகு சகஜம். புரோக்கர், "இதே பேப்பரை நீங்களும் வச்சுக்கங்க, விக்கிறப்ப குடுத்துடலாம்" என்றார். இப்படி ஐந்து கை மாறியும் முதல் கையின் பெயரிலேயே ஓடும் வண்டிகள் உண்டாம்.

நான் கூடப் போனதற்கு ஏதாவது பிரயோஜனம் இருந்தது என்றால் இந்த இடத்தில்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன ஒரு வழக்கு உண்டு. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான். அதாவது வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கிற ஒருவர், தான் பார்த்திராத ஒரு டிரைவர் தான் போயிராத ஒரு ரோட்டில் செய்வதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். படைப்பு கைவிட்டுப் போனபின் எழுதியவனுக்கு அதில் பாத்யதை இல்லை என்று நாம் பத்திரிகைகளில் வாதம் செய்கிறோமே, போக்குவரத்து அலுவலகத்தில் அது செல்லாது. மருமகனுக்கு இதை விளக்கினேன். முதல் கையைத் தேடிப் பிடிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்றேன். லைசென்ஸ் விஷயத்தில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. 7500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியை ஓட்ட இலகுரக லைசென்ஸே போதும் என்று அதே கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில்தான் உறுதி செய்திருந்தது.

முதல் சொந்தக்காரர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். போன் எண் கிடைக்கப் பத்து நாள். வண்டியைப் பற்றி என்றதும் வைத்துவிட்டார். மறுநாள் நான் பேசினேன். பணம் கேட்கவில்லை, பெயரை மாற்றிவிட வந்தால் போதும் என்றேன். அவர் பெயரில்தான் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விற்ற அன்றைக்கே எல்லாம் மாறிவிட்டது என்று அவர் நாலு வருஷமாக நினைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துத் திங்கட்கிழமை விடியற்காலை திருவாரூரில் வந்து இறங்கினார். மெலிந்த, சின்ன வயது மனிதர். அவரும் ஒரு காலத்தில் நிலத்தைப் போக்கியம் வைத்துத்தான் அதை வாங்கினாராம். 2018 நவம்பர் கஜா புயலில் தென்னை போயிற்று, கடன் மிஞ்சியது, வண்டியைத் தள்ளிவிட்டார். அவர் கடன் வாங்கிய ஃபைனான்ஸ் கடைசி இரண்டு தவணைக்கு வட்டிக்கு வட்டி போட்டு வைத்திருந்தது; அதைக் கட்டினால்தான் படிவம் 35 தருவோம் என்றார்கள். யார் கட்டுவது என்பதில் ஒரு முழுப் பகல் போயிற்று. விற்கிறவர் பாதி, மருமகன் பாதி. முதல் கைக்காரர் தன் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார், இருவருமே வாங்கவில்லை.

விலை நாலு லட்சத்து இருபதாயிரத்தில் படிந்தது. துண்டு எதுவும் போடவில்லை. எண்ணைக் கைபேசியில் தட்டித் தட்டி ஒருவருக்கொருவர் திருப்பிக் காட்டிக்கொண்டார்கள். வாயால் ஒரு தொகையும் சொல்லவில்லை. சுற்றி நின்ற நாங்கள் யாரும் கடைசிவரை பார்க்கமுடியவில்லை.

ஆபீசில் சேஸ் எண்ணைப் பென்சிலால் பிரதி எடுத்துவரச் சொன்னார்கள். எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். மருமகன் தேய்த்தது தெளியவில்லை. முதல் சொந்தக்காரர் அவனிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு வண்டிக்கடியில் போனார். எண் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு மத்தியானப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

பெயர் மாறிப் புத்தகம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டியை எடுக்கக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கொல்லையில் தார்ப்பாயைப் போட்டு நிறுத்தியிருந்தான். தை பிறந்ததும் சம்பா அறுவடை இறங்கிற்று. முதல் நடை அவர்கள் நெல் அல்ல, போக்கியத்துக்கு எடுத்தவருடைய நெல், அந்த 3 மாவில் விளைந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று மற்றவர்களுக்குச் சொல்லும் கூலியையே அவருக்கும் சொன்னான். கொள்முதல் நிலையத்தில் இரண்டு ராத்திரி நின்றது. நெல்லுக்குப் பணம் பாங்கிக் கணக்கில் ஏறியபிறகுதான் வண்டிக்கூலி வரும் என்பது அங்கே வழக்கம், அவனும் நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்கிறான். நகைக் கடனுக்கு ஆவணி வரை தவணை இருக்கிறது.